அத்தியாயம் 17: லாலி – தகப்பனும் மகனும்

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே 1754 அக்டோபரில் புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறியதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். அவருக்குப் பிறகு பிரெஞ்சு அரசு பெரும் எதிர்பார்ப்போடு இங்கே அனுப்பிய தளபதி லாலி. நம் பள்ளிப் பாடநூலில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒன்றரை வரி: 1760இல் வந்தவாசிப் போரில் கவுண்ட் டி லாலி ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். அந்த ஒன்றரை வரிக்கு முன்னால் அயர்லாந்தில் நிலத்தையும் ஊரையும் இழந்த ஒரு குடும்பம் இருக்கிறது. பின்னால் பாரிஸ் நகரத்துக் கொலைக்களமும், தகப்பனின் பெயரில் ஒட்டிய கறையைத் துடைப்பதற்காகத் தன் இளமையையே கொடுத்த ஒரு மகனும் இருக்கிறார்கள். இந்த இதழ் முழுவதும் அந்தக் குடும்பத்துக்குத்தான்.

லாலிகளின் பூர்வீகம் அயர்லாந்தின் மேற்குப் பகுதி. கால்வே மாவட்டத்தில் டூவம் என்ற ஊருக்குப் பக்கத்தில் அவர்களுடைய நிலமும் வீடும் இருந்தன. பழங்குடி ஐரிஷ் பிரபுக்கள், கத்தோலிக்கர்கள். 1688இல் இங்கிலாந்தின் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அரியணையை இழந்தபோது இவர்களைப் போன்றவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். போர் அயர்லாந்து மண்ணிலேயே நடந்தது, அவர்கள் தோற்றார்கள். 1691 அக்டோபரில் லிமெரிக் நகரில் உடன்படிக்கை ஆயிற்று. ஜேம்சுக்காகப் போரிட்ட வீரர்கள் விரும்பினால் பிரான்சுக்குப் போய்விடலாம் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவேயில்லை. பிரான்சின் ராணுவத்தில் ஐரிஷ்காரர்களுக்கென்று தனிப் படைப்பிரிவு உண்டாயிற்று. நூறு வருடம் அது பிரெஞ்சு மன்னர்களுக்காக ஐரோப்பா முழுவதும் ரத்தம் சிந்தியது.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஜெரார்டு லாலி. அந்தப் படையின் புகழ்பெற்ற டில்லன் ரெஜிமென்டில் அதிகாரி. டில்லன் குடும்பத்துக்கு உறவுக்காரர். பிரான்சில் ப்ரெஸாக் என்ற பிரபு குடும்பத்துப் பெண் ஆன் மாரியை மணந்தார். 1702 ஜனவரியில், ஆல்ப்ஸ் மலைப் பக்கமுள்ள தோஃபினே மாகாணத்தில், ரோமான் என்ற சிறு நகரத்தில் இவர்களுக்குப் பிறந்தவர் தாமஸ் ஆர்தர் லாலி. ஐரிஷ் ஊரின் பெயரைப் பட்டமாகச் சேர்த்துக்கொண்டு லாலி தொலாந்தால் என்றே குடும்பம் தன்னை அழைத்துக்கொண்டது. பிள்ளை பிறந்த மண்ணின் பெயரல்ல அது.

ஜெரார்டு தன் மகனைப் பாளையத்திலேயே வளர்த்தார். ஏழு வயதிலேயே ரெஜிமென்டின் பட்டியலில் பையனின் பெயர் ஏறிவிட்டது. 1714இல் பார்சிலோனா முற்றுகையின்போது, பன்னிரண்டு வயதில், பதுங்குகுழியில் காவலுக்கு நிறுத்தப்பட்டான் என்று சொல்வார்கள். வெடிமருந்து வாசனை பழக வேண்டும் என்பது தகப்பனின் எண்ணம். படிப்பும் நன்றாகவே வந்தது, பல மொழிகள் பேசினான். ஆனால் அவன் அறிந்த உறவுமுறை ஒன்றுதான்: மேலதிகாரி உத்தரவிடுவார், கீழே உள்ளவர் தலைவணங்குவார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னாளில் புதுச்சேரியில் நடந்த அத்தனை விபரீதத்துக்கும் வேர் இந்தப் பாளையத்துப் பால்யத்தில் இருக்கிறது.

1734இல் ரைன் நதிக்கரையில் எட்லிங்கன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஜெரார்டு படுகாயம் பட்டு விழுந்தார். எதிரிகள் அவரைச் சூழ்ந்தபோது மகன் குறுக்கே பாய்ந்து மீட்டான். இந்தக் குடும்பத்தில் தகப்பனுக்காக மகன் போராடியது அது முதல் தடவை. இரண்டாவது தடவையைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

லாலியின் பெயர் பிரான்ஸ் முழுவதும் தெரிந்தது 1745 மே 11 அன்று. பெல்ஜியத்தில் ஃபோந்தெனுவா என்ற கிராமத்தில் பிரெஞ்சுப் படையும், கம்பர்லாந்து பிரபுவின் தலைமையில் ஆங்கிலேயக் கூட்டணிப் படையும் மோதின. ஆங்கிலேயக் காலாட்படை நெருக்கமாக அணிவகுத்து பிரெஞ்சு வரிசையின் நடுவே புகுந்துவிட்டது. பதினைந்தாம் லூயி நேரில் பார்த்துக்கொண்டிருந்தார். தோல்வி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் ஐரிஷ் படைப்பிரிவின் ஆறு ரெஜிமென்டுகளும் பக்கவாட்டிலிருந்து பாய்ந்தன. அதில் ஒன்று லாலியின் பெயரிலேயே அமைந்த ரெஜிமென்ட். நாட்டை இழந்தவர்களின் கோபம் அது. டில்லன் ரெஜிமென்டின் கர்னல் களத்திலேயே மாண்டார். ஆங்கிலேயர்கள் பின்வாங்கினார்கள். அன்று மாலையே லூயி மன்னர் லாலியைப் பிரிகேடியராக உயர்த்தினார். சண்டைக்கு முந்திய நாள் லாலியே களத்தைச் சுற்றிப் பார்த்து, போக முடியாத பாதை என்று மற்றவர்கள் நினைத்திருந்த ஒரு வழியில் எதிரி வரக்கூடும் என்று எச்சரித்து அங்கே அரண் எழுப்ப வைத்திருந்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அவர் முரடர், ஆனால் மூளையில்லாதவர் அல்லர்.

அதே வருடம் இரண்டாம் ஜேம்சின் பேரன் சார்லஸ் எட்வர்டு பிரிட்டிஷ் அரியணையை மீட்க ஸ்காட்லாந்தில் இறங்கினார். லாலி அதற்குத் துணைப்படை அனுப்பும் திட்டத்தில் முழுமூச்சாக இறங்கினார். இந்தத் திட்டத்துக்கு அறிக்கை எழுதும் வேலை பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரிடம் கொடுக்கப்பட்டது; இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். அந்தப் பழக்கம் இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் கழித்துப் பயன்படப் போகிறது. பிரெஞ்சுப் படையெடுப்பு நடக்கவில்லை. லாலி மட்டும் ஸ்காட்லாந்து போய் 1746 ஜனவரியில் ஃபால்கர்க் போரில் இளவரசரின் பக்கத்தில் நின்றார். அந்த முயற்சியும் தோற்றது.

ஆங்கிலேயர்கள்மீது அவருக்கிருந்த பகை அரசியல் பகை மட்டுமல்ல, குடும்பப் பகை. 1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கி, இந்தியாவில் ஆங்கிலேயரை ஒழிக்க யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது அவர் பெயர் அடிபட்டதில் வியப்பில்லை. பிரெஞ்சுக் கும்பினியின் இயக்குநர்களே அவரைக் கேட்டார்கள். போர் அமைச்சர் தார்ழான்சோன் தயங்கினார். லாலி நெருப்பு மாதிரி, ஒழுங்கு குறைந்தால் பொறுக்கமாட்டார், மனத்தில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர், உங்கள் ஆட்களோடு ஒத்துப்போகாது என்று எச்சரித்தார். இயக்குநர்கள் கேட்கவில்லை. ஊழல் மலிந்துபோன புதுச்சேரிக்கு அப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்றார்கள்.

1757 மே மாதம் ப்ரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் புதுச்சேரி வந்து சேர 1758 ஏப்ரல் 28 ஆயிற்று. கிட்டத்தட்ட ஒரு வருடம். கப்பற்படைத் தலைவர் தாஷேயோடு வழியிலேயே மனக்கசப்பு. கரையில் மரியாதை வெடி முழங்கியபோது சில பீரங்கிகளில் குண்டை எடுக்காமல் விட்டிருந்ததால் லாலி வந்த கப்பல்மீதே குண்டு பாய்ந்ததாக ஒரு செய்தி உண்டு.

லாலிக்கு அப்போது 56 வயது. இறங்கிய அன்றே கடலூருக்குப் படை அனுப்பினார். வழியில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு இல்லை, சாமான் சுமக்க மாடும் இல்லை, ஆளும் இல்லை. ஆளுநர் துவால் த லெரியிடம் கேட்டால் கஜானாவில் காசில்லை என்றார். லாலி என்ன செய்தார் தெரியுமா? புதுச்சேரித் தெருக்களில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்துச் சுமை தூக்க வைத்தார், வண்டி இழுக்க வைத்தார். பிராமணர், வெள்ளாளர், பறையர் என்று பார்க்கவில்லை. சாதி வேற்றுமை கூடாது என்ற எண்ணத்தில் செய்ததல்ல இது. எல்லோரையும் ஒரேயடியாக மாடாக நினைத்ததால் செய்தது. ஊர் நடுங்கிப்போயிற்று. அகப்படாதவர்கள் ஓடி ஒளிந்தார்கள். பிறகு படைக்கு அரிசி விற்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு லாலியின் வருகைக்குப் பிறகும் தொடர்வதால், அந்த வருடங்களில் ஊர் இருந்த இருப்பை உள்ளூர்க் கண்ணால் பார்க்க நமக்கு ஒரு வழி இருக்கிறது.

தொடக்கத்தில் வெற்றிதான். 1758 ஜூன் 2 அன்று ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை சரணடைந்தது. அதை லாலி தரைமட்டமாக்கினார். கெடிலம் ஆற்றோரம் இன்று எஞ்சியிருக்கும் இடிபாடுகளைப் பார்த்தால் எவ்வளவு வெறியோடு இடித்தார்கள் என்பது புரியும். அடுத்து சென்னை. ஆனால் கடல் வழியாக வரமாட்டேன் என்று தாஷே கைவிரித்தார். தரைவழியாகப் போகப் பணம் வேண்டும். அந்த நேரத்தில் புதுச்சேரி ஏசு சபைத் தலைவர் பாதிரியார் லவூர் ஒரு யோசனை சொன்னார். 1749இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் தஞ்சையை வளைத்தபோது ராஜா பிரதாபசிங் எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்று இருந்தது. 50 லட்சம் ரூபாய்க்கும் மேல். அதைப் போய் வசூலித்தால் என்ன?

தஞ்சாவூர்ப் பயணம் லாலியின் வாழ்க்கையில் மிக இருண்ட பக்கம். காரைக்கால் வழியாகப் படை நடந்தது. நாகூரில் கொள்ளை. கீழ்வேளூரில் சிவன் கோயிலுக்குள் புகுந்தார்கள். புதையல் இருக்கும் என்ற நினைப்பில் குளத்தைத் துழாவி, தரையைத் தோண்டி, விக்கிரகங்களைக் கவர்ந்தார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. கோயிலை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றிச்சுற்றி வந்த அர்ச்சகர்கள்மீது லாலிக்குச் சந்தேகம் வந்தது. தஞ்சை அரசரின் ஒற்றர்கள் என்று முடிவுகட்டினார். ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். விசாரணை இல்லை. அந்த ஆறு பேரின் பெயர்கூட எங்கும் எழுதப்படவில்லை. பாரிசில் லாலிக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி ஐரோப்பாவில் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கீழ்வேளூர்தான் நினைவுக்கு வருகிறது. வாய் திறக்க வாய்ப்புத் தராமல் கொல்வது என்ற காரியத்தை அவர் நம் ஊரில் முதலில் செய்தார்.

செய்தி தஞ்சை எங்கும் பரவியது. பேரம் பேசிக்கொண்டிருந்த பிரதாபசிங் கதவைச் சாத்திவிட்டார். ஜூலை நடுவில் தொடங்கிய முற்றுகை நீடித்தது. வெடிமருந்து குறைந்தது, சோறும் குறைந்தது. மதிலில் பிளவு விழத் தொடங்கிய நேரம் பார்த்துக் காரைக்காலுக்கு அப்பால் கடலில் ஆகஸ்ட் 3 அன்று தாஷே அடிவாங்கிய செய்தி வந்தது. காரைக்காலை ஆங்கிலேயர் பிடித்துவிட்டால் திரும்பும் வழி அடைபடும். லாலி முற்றுகையை விலக்க முடிவு செய்தார்.

ஆகஸ்ட் 10 விடியற்காலை, தஞ்சைக் கோட்டையிலிருந்து ஐம்பது குதிரை வீரர்கள் பிரெஞ்சு முகாமுக்கு வந்தார்கள். ராஜாவோடு பிணக்கு, உங்களிடம் சேவகம் செய்ய வந்திருக்கிறோம், தளபதியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்த லாலி எழுந்து, கையில் ஒரு தடியோடு வாசலுக்கு வந்தார். முன்னால் நின்றவன் வாளை ஓங்கினான். லாலி தடியால் தடுத்தார். பக்கத்திலிருந்த சிப்பந்தி அவனைச் சுட்டு வீழ்த்தினான். உடனே மற்றவர்கள் பாய்ந்தார்கள், கோட்டையிலிருந்தும் படை வெளிவந்தது. முகாமின் காவலர்கள் சமாளித்து விரட்டிவிட்டார்கள். லாலி மயிரிழையில் தப்பினார். கனமான பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டு, பட்டினியும் தாகமுமாகப் படை கடற்கரையை நோக்கி நடந்தது. தஞ்சைக் குதிரைப்படை வழி நெடுகத் துரத்தியது.

அதன் பிறகு நடந்தவற்றைப் பலரும் அறிவார்கள். 1758 டிசம்பரில் சென்னைக் கருப்பர் நகரத்துக்குள் லாலியின் படை புகுந்தது. சாராயக் கிடங்குகள் கைக்கு வந்ததும் வீரர்கள் குடித்துக் கிடந்தார்கள். கோட்டை இரண்டு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஆங்கிலேயர் பக்கம் நின்ற யூசுப் கான் வெளியிலிருந்து லாலிக்கு வரும் உணவை வெட்டினார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நிற்கவே லாலி பின்வாங்கினார். தளபதி தோற்றுத் திரும்புகிறார் என்ற செய்தி கேட்டுப் புதுச்சேரிக் கும்பினி அதிகாரிகள் உள்ளூர மகிழ்ந்தார்களாம். அதே வருடம் அக்டோபரில் மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத லொரேன் ரெஜிமென்ட் கலகம் செய்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் தோல்வி. தக்காணத்தை ஆட்டிவைத்த புஸ்ஸி அங்கே சிறைப்பட்டார்.

புதுச்சேரி முற்றுகையில் ஒரு காட்சியை மட்டும் சொல்லியாக வேண்டும். 1760 நவம்பர் இறுதியில், உணவு தீர்ந்துவந்த நிலையில், லாலி நகரத்துத் தமிழ் மக்களில் சுமார் 1,400 பேரை வெளியேற்றினார். ஆங்கிலேயக் காவல் வரிசை அவர்களை வெளியே விடவில்லை, துப்பாக்கி நீட்டித் திருப்பி அனுப்பியது. கோட்டை வாசலுக்கு வந்தால் பிரெஞ்சுக் காவலர்களும் சுட்டார்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக எட்டு நாள் இரண்டு படைகளுக்கு நடுவே வெட்டவெளியில், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். கடைசியில் கூட் மனமிரங்கி வழிவிட்டார்.

1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடியதும் அதே மாதத்தில்தான். இரண்டு நாள் கழித்து, கைதியாக, நோயாளியாக, பல்லக்கில் ஊரைவிட்டுப் புறப்பட்டார் லாலி. கும்பினி அதிகாரிகள் கோட்டை வாசலில் கூடி நின்று கூச்சலிட்டார்கள், வசைபாடினார்கள், தாக்கவும் முனைந்தார்கள். ஆங்கிலேயக் குதிரை வீரர்கள்தான் அவரைக் காப்பாற்றிக் கொண்டுபோனார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர் துபுவா. கும்பினியின் கணக்குகளைத் துருவிப் பார்த்து, யார் யார் எவ்வளவு சுருட்டினார்கள் என்று ஆவணம் திரட்டி வைத்திருந்த அரசு அதிகாரி. வயோதிகர், கண் பார்வையும் மங்கியவர். வாசலிலேயே ஒருவன் அவரைச் சண்டைக்கிழுத்து வாளால் குத்திக் கொன்றான். அவர் வைத்திருந்த காகிதங்கள் மாயமாயின. லாலிக்குச் சாதகமான சாட்சியம் அன்று புதுச்சேரி மண்ணிலேயே புதைந்துபோயிற்று.

இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு லண்டனில் கைதியாக இருந்த லாலியின் காதுக்கு, பாரிசில் தன்னைத் துரோகி என்று தூற்றுகிறார்கள் என்ற செய்தி எட்டியது. ஆங்கிலேயர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிரான்சுக்குப் போனார். ஓடிவிடுங்கள் என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்காமல் 1762 நவம்பரில் தாமாகவே பாஸ்தீல் சிறைக்குள் நடந்துபோனார். குற்றவாளி செய்யும் காரியமா இது? ஒரு வருடத்துக்கு மேல் அவரை யாரும் விசாரிக்கவேயில்லை.

அதற்குள் 1763 உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை இழந்திருந்தது, இந்தியாவில் செல்வாக்கையும் இழந்திருந்தது. கும்பினிப் பங்குகளில் பணம் போட்டவர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய நிலை. வழக்குக்கு உயிர் கொடுத்தது, நம்ப முடியாத ஒரு கண்டெடுப்பு. பாதிரியார் லவூர் பாரிசில் இறந்தபோது அவர் பெட்டியில் பெருந்தொகையோடு இரண்டு குறிப்பேடுகள் இருந்தன என்று வால்டேர் எழுதுகிறார். ஒன்றில் லாலிக்குப் புகழ், மற்றதில் லாலிமீது குற்றச்சாட்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கேற்ப எடுத்து நீட்டுவதற்கு. நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டாவது.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி மறுக்கப்பட்டது. விசாரணையின் கடைசிக் கட்டத்தில் அவரைக் குற்றவாளிகளுக்கான தாழ்ந்த முக்காலியில் உட்கார வைத்தார்கள். தலைமுடி நரைத்த அந்தக் கிழவர் சட்டையைத் திறந்து மார்பிலிருந்த வெட்டுத் தழும்புகளைக் காட்டி, ஐம்பது வருட ஊழியத்துக்குக் கிடைத்த கூலி இதுதானா என்று கேட்டாராம். 1766 மே 6 அன்று தீர்ப்பு: மன்னரின், அரசின், கும்பினியின் நலன்களைக் காட்டிக்கொடுத்தது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, பணம் பறித்தது. தண்டனை, தலையை வெட்டுதல். எதிரியோடு கள்ள உறவு வைத்திருந்தார் என்பதற்குச் சான்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை.

தீர்ப்பைக் கேட்டதும் ஒளித்து வைத்திருந்த கவராயத்தை எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்; காயம் ஆழமில்லை. மே 9 அன்று அவர் பேசிவிடக் கூடாது என்று வாயில் கட்டைத் திணித்து, குப்பை அள்ளும் வண்டியில் ஏற்றி பாரிஸ் கிரேவ் சதுக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மூடிய வண்டியில் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தது பொய்யாயிற்று. தலை வெட்டுபவனின் முதல் வெட்டும் சரியாக விழவில்லை. ஃபோந்தெனுவாவின் வீரர் இப்படிப் போனார்.

அன்று பாரிசின் ஆர்கூர் கல்லூரியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். பெயர் த்ரோஃபீம். யாருடைய மகன் என்று அவனுக்குச் சொல்லாமலே வளர்த்திருந்தார்கள். தாய் ஃபெலிசிதே கிராஃப்டன்; பெற்றோர் ஊரறிய மணந்தவர்கள் அல்லர். தாயின் பெயர் அவனுக்குத் தெரியவந்தது அவள் இறந்து நான்கு வருடம் கழித்து. தகப்பனின் பெயர் தெரியவந்தது அவரை இழப்பதற்கு முந்திய நாள். முதல் வணக்கமும் கடைசி விடையும் ஒன்றாகச் சொல்ல ஓடினேன், நேரம் கடந்திருந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

த்ரோஃபீம் ஜெரார் த லாலி தொலாந்தாலும் ராணுவத்தில்தான் சேர்ந்தார். ஆனால் அவருடைய உண்மையான போர்க்களம் நீதிமன்றம். வழக்குக் காகிதங்களைத் தேடித் தேடிப் படித்தார், மனுமேல் மனு எழுதினார், துணைக்கு வால்டேரை அணுகினார். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த வால்டேர் 1773இல் இந்தியாவைப் பற்றிய தம் நூலில் லாலிக்காக வாதாடினார். லாலியை எல்லோரும் வெறுக்க வாய்ப்பிருந்தது, வெறுப்பு மரணதண்டனைக்குக் காரணமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். 1778 மே மாதம் மன்னர் பதினாறாம் லூயியின் சபை பாரிஸ் தீர்ப்பை ரத்து செய்தது. வால்டேர் அப்போது மரணப் படுக்கையில் இருந்தார். செய்தி கேட்டு உயிர் திரும்பியதுபோல் மகனுக்குச் சில வரிகள் எழுதச் செய்தார், நிம்மதியாகச் சாகிறேன் என்று. நான்கு நாளில், மே 30 அன்று, இறந்தார். அவருடைய கடைசிக் கடிதங்களில் ஒன்று, நம் கடற்கரையில் நடந்த ஒரு தோல்வியைப் பற்றியது.

ரத்தானதோடு வழக்கு முடியவில்லை. மறுவிசாரணைக்கு ருவான் நகர நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே எதிர்த்து நிற்க ஒருவர் வந்தார்: ஜான் ஜாக் துவால் த எஸ்பிரெமெனில். லாலியோடு மோதிய ஆளுநர் துவால் த லெரியின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. சித்தப்பாவின் பெயரைக் காக்க வந்தவர். பிறந்த ஊர் புதுச்சேரி, 1745இல். தாய்வழியில் யாருக்குப் பேரன் என்றால், டூப்ளேயின் மனைவி ழான் அம்மையாருக்கு. இத்தொடரில் பல அத்தியாயங்களில் வந்துபோன அதே ழான் பேகம். தகப்பனுக்காக மகன் ஒரு பக்கம், சித்தப்பாவுக்காகப் பிள்ளை மறுபக்கம். புதுச்சேரிக் கோட்டைக்குள் தொடங்கிய சண்டை இருபது வருடம் கழித்துப் பிரான்சின் ருவானிலும் திஜோனிலும் தொடர்ந்தது. இரண்டு பேருமே நாவன்மை மிக்கவர்கள், இரண்டு பேருமே குடும்ப மானத்துக்காக நின்றவர்கள். அந்த நீதிமன்றங்கள் லாலியைக் குற்றமற்றவர் என்று முழுமனதோடு சொல்லவில்லை. மகன் கேட்ட தெளிவான விடுதலைத் தீர்ப்பு கடைசிவரை வரவேயில்லை.

1789இல் புரட்சி வந்தது. இருவரும் பிரபுக்களின் பிரதிநிதிகளாக ஒரே சபையில் உட்கார்ந்தார்கள். த்ரோஃபீம் மிதவாதி. மன்னரும் இருக்க வேண்டும், அரசியல் சட்டமும் வேண்டும் என்று வாதாடினார். அது எடுபடாததால் விலகினார். 1792இல் சிறைப்பட்டுத் தப்பி இங்கிலாந்துக்குப் போனார். தாத்தா எந்த நாட்டுக்காரர்களால் ஊரை இழந்தாரோ அந்த நாட்டில் பேரனுக்குப் புகலிடம் கிடைத்தது. பதினாறாம் லூயிமீது வழக்கு நடந்தபோது, நான் வந்து வாதாடுகிறேன் என்று அங்கிருந்தே எழுதினார், ஏற்கப்படவில்லை. தன் தகப்பனின் தீர்ப்பை ரத்து செய்த மன்னருக்கு அவர் செலுத்த விரும்பிய நன்றி அது. எஸ்பிரெமெனில் 1794 ஏப்ரலில் கில்லட்டினில் மாண்டார்.

முடியாட்சி திரும்பியதும் த்ரோஃபீமுக்கு மரியாதைகள் வந்தன. 1815இல் பிரபுக்கள் சபை உறுப்பினர், அடுத்த வருடம் பிரெஞ்சு அகாதெமி உறுப்பினர். 1830 மார்ச்சில், 79 வயதில், பாரிசில் இறந்தார்.

லாலி துரோகி அல்லர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கொடுத்த பணியை முடிக்கப் பணமோ கப்பலோ தராமல், தோற்ற பிறகு தலையை வெட்டிய அரசின்மீதுதான் முதல் குற்றம். கணக்கை மறைக்க வேண்டியிருந்த புதுச்சேரி அதிகாரிகளின் பங்கு அதற்கடுத்தது. ஆனால் அவர் நல்லவர் என்று சொல்ல என் கை வரவில்லை. கூடவே இருந்த பிரெஞ்சுக்காரர்களைத் திருடர்கள் என்று ஏசினார். இந்த மண்ணின் மக்களை மனிதர்களாகவே எண்ணவில்லை. பாரிஸ் நீதிமன்றம் எந்தக் காரணத்துக்காக அவரைக் கொன்றதோ அது அநியாயம். கீழ்வேளூரின் ஆறு பேருக்காகவும், மதிலுக்கு வெளியே எட்டு நாள் கிடந்தவர்களுக்காகவும் கேள்வி கேட்க அவர்களுக்கு ஒரு மகனோ ஒரு வால்டேரோ கிடைக்கவில்லை.

நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாலியின் படை கடந்துபோன ஊர்களில் அந்த 1758ஆம் வருடத்தைப் பற்றிக் கோயில் வழக்காகவோ குடும்ப வாய்மொழியாகவோ ஏதேனும் செய்தி இருந்தால் எழுதியனுப்புங்கள்; பெயரோடு இத்தொடரில் வெளியிடுகிறேன். அடுத்த இதழில், லாலி மதிக்க மறுத்த புஸ்ஸியைப் பார்ப்போம். வந்தவாசியில் சிறைப்பட்ட அவர் 1783இல் மீண்டும் படையோடு இந்தியா வந்தார். 1785இல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

(தொடரும்)